மாமா கேட்காமல் சாப்பிட்ட பாஸ்தா

என் மாமனார் தன் இன்சுலின் அளவில் ஒரு பெரிய பிழை விட்டுவிட்டார் என்று ஆறு வாரங்கள் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கடைசியில் அவரும் நம்பிவிட்டார். பிழை விட்டது நான். அது எனக்கு அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். எனக்கு ஒன்றும் குறையவில்லை. இதை எழுத உட்கார்ந்திருக்கும் இப்போதும் முகம் சுடுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டியவன் நான்தான். வேறு யார் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கித்தான் சொல்வார்கள். மாமா நிச்சயம் அப்படித்தான் சொல்வார்.

மாமா ஊரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருடம் டிஸ்பென்சராக இருந்தவர். டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்து மருந்து கலந்து, குளிசை எண்ணி, யன்னல் வழியாக நீட்டுகிற வேலை. மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்திலும் ஒருவருக்கும் ஒரு துளி கூடவோ குறையவோ கொடுத்ததில்லை என்பார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான். மாமி இறந்த பிறகு மகளோடு இருக்க மெல்பேர்னுக்கு வந்தார். நோபல் பார்க்கில் எங்கள் வீட்டில் நான், என் மனைவி, அவர் என்று மூன்று பேர்.

அவருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சாப்பாடு மேசைக்கு வந்ததும் தன்னுடைய சில்வர் கிண்ணத்தால் சோற்றையோ பாஸ்தாவையோ அளந்து தட்டில் போடுவார். தட்டை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். உதடு லேசாக அசையும். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய், இன்சுலின் பேனாவைத் திருகி அளவு வைத்து, வயிற்றில் குத்தி, கொப்பியில் எழுதிவிட்டு வருவார். எங்களுக்கு முன்னால் ஒருநாளும் குத்தியதில்லை. சாப்பாட்டு மேசையில் ஊசியைக் காட்டுவது மரியாதையில்லை என்று நினைப்பவர். சோற்றுக்கு ஓர் அளவு, பாண் ரொட்டிக்கு ஓர் அளவு, பாஸ்தாவுக்கு ஓர் அளவு. அவருடைய குடும்ப டொக்டர் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை மற்ற நோயாளிகளுக்குக் காட்டலாம் போலிருக்கிறதே என்றாராம். அன்று மாமா வீட்டுக்கு வந்து இரண்டு தரம் அதைச் சொன்னார்.

பாஸ்தா எங்கள் வீட்டில் சனிக்கிழமைச் சாப்பாடு. இத்தாலிக்காரர் கண்டால் பொலிசுக்குப் போய்விடுவார்கள். டின் மீன், வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, கறிவேப்பிலை, ஊரிலிருந்து வரும் மிளகாய்த்தூள் ஒரு கரண்டி. மாமா அதை “வெள்ளையன்ர இடியப்பம்” என்பார். இந்த நாட்டுச் சாப்பாடுகளில் அவர் மனமார ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். எனக்கு நகரத்தில் கணினி வேலை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் ரயிலில் இருப்பு, நடுவில் கதிரையில் இருப்பு. வயிறு எனக்கு முன்னால் போக ஆரம்பித்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அலுவலகத்தில் ஒருவன் மாவுச்சத்தை அடியோடு விட்டு, பெல்ட்டில் மூன்று ஓட்டை உள்ளே போயிருந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். புதிதாக மதம் மாறியவன் ஊரைக் கெடுப்பதுபோல நானும் கிளம்பினேன்.

சோறு, பாண், பிட்டு, இடியப்பம் எல்லாம் விஷம் என்று வீட்டில் அறிவித்தேன். பாஸ்தாவை விட முடியாது என்று மனைவி அடித்துச் சொன்னதால், பாஸ்தாவுக்கு மாற்றுத் தேடத் தொடங்கினேன். சுக்கினியை நூலாகச் சீவுகிற கைமெசின் ஒன்று வாங்கினேன். சுக்கினி என்றால் வெள்ளரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் இடைப்பட்ட ஒன்று. சட்டியில் போட்டதும் தண்ணீர் விட்டு அழுதது. அவித்துக் கீறினால் நூல் நூலாகக் கழலும் மஞ்சள் பூசணி ஒன்று கிடைத்தது. அது இனித்துத் தொலைத்தது. கறுப்பு சோயாவில் செய்த பாஸ்தாவைப் பார்த்து மனைவி, சைக்கிள் ரியூப் வெட்டி அவித்தீர்களா என்று கேட்டாள். பூக்கோவா என்ற காலிஃப்ளவரைத் துருவி, முட்டையோடு பிசைந்து, உருட்டி, மின் அடுப்பில் சுட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். ஒவ்வொன்றையும் மாமாவின் முன்னாலும் வைத்தேன். அவருக்குத்தானே அதிகம் தேவை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரு டிஸ்பென்சர் என் கெட்டித்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மாமா சுக்கினியை ஒரு வாய் வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. இது மாட்டுக்கு வெட்டிப் போடுறது மாதிரிக் கிடக்கு.”

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று குத்தியது. நான் சின்ன விஷயத்தைப் பெரிய மனக்காயமாக வளர்த்து வைத்திருப்பவன். அன்றிலிருந்து மாமாவை ஒருநாளாவது ஏமாற்றிச் சாப்பிட வைக்க வேண்டும் என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில் வீட்டிலிருந்த சீனியையும் கொட்டினேன். தேன், ஜூஸ், ஜாம், எல்லாம் போனது. தேநீருக்குச் செயற்கை இனிப்புத் துளி. மாமாவின் அறை மேசை லாச்சியில் ஜெலி இனிப்புப் பைக்கற் ஒன்று கிடந்ததையும் கண்டுபிடித்தேன்.

“சுகர்காரருக்கு இது என்னத்துக்கு மாமா?”

“சுகர் இறங்கினா வேணும் தம்பி. திடீரெண்டு இறங்கும்.”

“மாச்சத்தைக் குறைச்சியள் எண்டால் ஏறவும் மாட்டுது, இறங்கவும் மாட்டுது.”

முப்பத்துநாலு வருடம் மருந்து கொடுத்த மனுஷனுக்கு ஆறு வாரம் யூடியூப் வீடியோ பார்த்தவன் வகுப்பெடுத்தேன். அடுத்த நாள் லாச்சியில் பைக்கற் இல்லை. என் சொல்லைக் கேட்டு எறிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கொன்ஜாக் கிடைத்தது. ஏதோ ஒரு கிழங்கின் மாவில் செய்த வெள்ளை நூடில்ஸ். பைக்கற்றில் தண்ணீருக்குள் மிதக்கும். வெட்டித் திறந்தால் மீன் கழுவிய தண்ணீர் மணம். ஆனால் நன்றாக அலசி, வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை வறுத்துவிட்டால் மணம் போய்விடும். அதில் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. நாரும் தண்ணீரும்தான். அதுதான் அதன் சிறப்பு. டின் மீன் குழம்பில் புரட்டினால் மெல்லிய ஸ்பகெற்றிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பல் கட்டியிருக்கும் மாமாவுக்கு இன்னும் கஷ்டம். ஐந்து பைக்கற் வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் கீரைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மனைவிக்கு டண்டினோங்கில் வேலைப் பயிற்சி. அவள் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு என்று சொன்னேன். அவள் போனதும் மூன்று பைக்கற்றை அலசி, வறுத்து, குழம்பில் புரட்டினேன். மிளகாய்த்தூள் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட. பார்க்க அச்சு அசல் எங்கள் சனிக்கிழமைப் பாஸ்தா.

மாமா வந்து இருந்தார். கிண்ணத்தால் அளந்து போட்டார். தட்டை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. எழுந்து அறைக்குப் போனார்.

அந்த இடத்தில் என்னை நிறுத்திக் கேளுங்கள். அவர் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பாஸ்தாவின் மாவுச்சத்துக்குத்தான் அளவு வைப்பார் என்று தெரியாதா? தெரியும். தட்டில் மாவுச்சத்தே இல்லை என்பதும் எனக்குத்தான் தெரியும். எந்நேரமும் அதைப் பற்றியே பேசித் திரிந்தவன் நான். இத்தனையும் தெரிந்தவனுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் அறையில் இருந்த நேரத்தில் நான் போனை எடுத்து, வீடியோவுக்கு வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்து சாப்பிட்டார். நான் படமெடுத்தேன்.

“எப்பிடி மாமா?”

“நல்லாயிருக்கு தம்பி. இண்டைக்கு உறைப்பு வடிவாப் பிடிச்சிருக்கு. மகளை விட நீங்கள் நல்லாச் செய்யிறியள்.”

அவர் எங்கள் வீட்டில் என் சமையலை மெச்சியது அதுதான் முதல் தரம். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சமாவது வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் வீடியோவை என் ஞாயிற்றுக்கிழமை நடைக் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி, “டிஸ்பென்சரே கண்டுபிடிக்கேல்லை!” என்று எழுதினேன். சிரிக்கிற முகங்கள் வந்து விழுந்தன. மனைவி வந்ததும் அவளுக்கு முன்னால் மாமாவிடம் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். மாமா ரீவிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எந்த பஸ் மாமா என்றேன். திரும்பவும் பஸ் எத்தனை மணிக்கு என்றார். உறைப்பு ஏறிவிட்டது என்று நினைத்து, போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். நிமிர்ந்தபோது அவருடைய சட்டை நெஞ்சோடு நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. என்னை எப்போதோ இறந்துபோன தன் தம்பி என்று நினைத்து, சாவியை எங்கே வைத்தாய் என்று அதட்டினார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது.

குசினிக்கு ஓடினேன். சீனி இல்லை. தேன் இல்லை. ஜூஸ் இல்லை. எல்லாவற்றையும் என் கையாலேயே கொட்டியிருந்தேன். அறைக்கு ஓடி லாச்சியை இழுத்தேன். ஜெலி இனிப்பு இல்லை. அம்புலன்சுக்கு அடித்தேன். விழுங்க முடியுமென்றால் இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடு என்றது அந்தப் பக்கத்துக் குரல். இனிப்பே இல்லாத வீட்டில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் சாமிப் படத்துக்கு முன்னால், கோயிலில் தந்த கற்கண்டு ஒரு சின்னத் தட்டில் இருந்தது. தூசு படிந்த கற்கண்டு. அதைச் சுடுதண்ணீரில் கரைத்து ஆற்றி, கரண்டியால் அவர் வாயில் விட்டேன். பாதி சட்டையில் வழிந்தது. கொஞ்சம் விழுங்கினார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லாவிட்டால் இந்த எழுத்துக்கே அர்த்தமில்லை. கற்கண்டுத் தண்ணீர் உள்ளே போய் அவர் கண் கொஞ்சம் தெளிந்ததும், அம்புலன்ஸ் வருவதற்கு இருந்த அந்தச் சில நிமிடங்களில், நான் குசினிக்குப் போனேன். மூன்று வெற்றுப் பைக்கற்றையும் குப்பைக் கூடையின் அடியில் செருகினேன். மேலே தேயிலைச் சக்கையைக் கொட்டினேன். குழுவுக்கு அனுப்பிய வீடியோவை அழித்தேன். என்னவென்று கூட்டாளிகள் கேட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாமா முன்னறையில் தனியாக, நனைந்த சட்டையோடு இருந்தார்.

அம்புலன்சில் வந்த பெண் அவர் விரலில் குத்திப் பார்த்து, கையில் ஊசி ஏற்றினாள். என்ன சாப்பிட்டார் என்று என்னைக் கேட்டாள்.

“பாஸ்தா,” என்றேன்.

வழக்கமாகச் சாப்பிடுகிறதா என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்சுலினைக் கூடப் போட்டிருப்பார், வயதானவர்கள் சிலவேளை போட்டதை மறந்து இரண்டாம் தரம் போடுவார்கள் என்றாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் தெளிந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, “நான் சரியாத்தான் போட்டனான்.” கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் அன்றைய திகதி, ஒரு கிண்ணம் பாஸ்தா, அளவு, எல்லாம் அந்தச் சின்ன அழகான எழுத்தில் இருந்தது. ஒரு தரம்தான் எழுதியிருந்தது. டியூட்டி டொக்டர் நல்ல பிள்ளை. கனிவாகத்தான் கேட்டார்: எழுத மறந்து இன்னொரு தரம் போட்டிருக்கலாம் இல்லையா? மாமா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் வீட்டில் நின்றவன். நான் தரையைப் பார்த்தேன்.

“அப்பா, வயசு போனா மறதி வாறதுதானே. அதில என்ன வெக்கம்?” என்றாள் மனைவி. அழுது கண் வீங்கியிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்த அன்றே அவள் இன்சுலின் பேனாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். குசினி அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளால் வீட்டில் நிற்க முடியாது என்று வேலை நேரத்தை உடைத்து, நடுவில் கார் ஓட்டி வந்து போனாள். குத்துவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அதனால் மாமா சாப்பாட்டு மேசையில், எங்கள் முன்னால், சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வார். வலியால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உடுப்பு அடுக்கும்போது மனைவி அந்த ஜெலி இனிப்புப் பைக்கற்றைக் கண்டெடுத்தாள். ஒரு சோடிக் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தார். “பாத்தியளே, எங்க வைக்கிறதெண்டும் விளங்கேல்லை அவருக்கு,” என்று என்னிடம் காட்டினாள். எனக்குப் பயந்து ஒளித்து வைத்தார் என்று நான் சொல்லவில்லை.

மாமாவின் மகன் கனடாவிலிருந்து போனில் ஏசினார். மாமா ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெருவுக்குத் தனியாக நடந்து போய்க் கீரை வாங்கி வருவதும் நின்றது. ஞாபகசக்திப் பரிசோதனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு வட்டம் கீறி, அதற்குள் மணிக்கூட்டு இலக்கங்களைப் போடச் சொன்னார்கள். மாமா மிகக் கவனமாகக் கீறினார். பயத்தில் கை நடுங்கி ஏழும் எட்டும் ஒட்டிக்கொண்டன. அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டார். எழுதலாம் என்றாள் அந்தப் பெண், ஆனால் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு ஈனத்தனம் என்னிடம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம். மனைவி என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம். முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் போனபின் ஒரு வாரம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை. சீனிப் போத்தலை மட்டும் பேச்சில்லாமல் வாங்கி வந்து பழைய இடத்தில் வைத்தேன்.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னேரம் தேநீருக்காகக் குசினிக்குப் போனால் மாமா அடுப்படியில் நிற்கிறார். பானையில் பாஸ்தா கொதிக்கிறது. மேசையில் அவருடைய சில்வர் கிண்ணம், கொப்பி, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் நான் மாவுச்சத்து அளக்க வாங்கிய தராசு. அவித்த பாஸ்தாவைக் கிண்ணத்தால் அளந்து, தராசில் வைத்து, கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா செய்யிறியள்?”

“இது அண்டைக்குச் சாப்பிட்ட அதே கிண்ணம். மூண்டு தரம் நிறுத்துப் பாத்திட்டன். நான் போட்ட அளவு சரியாத்தான் வருது.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நான் ரெண்டு தரம் குத்தியிருக்க வேணும். குத்தினது ஒரு துளியும் ஞாபகம் இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

நான் தேநீருக்குக் கோப்பை எடுத்தேன்.

“தம்பி, நீங்கள் அண்டைக்கு வீட்டில நிண்டனீங்கள். நான் ரெண்டாம் தரம் எழும்பிப் போனதைக் கண்டியளோ? கண்டால் சொல்லுங்கோ. பிள்ளை அழுவா எண்டு மறைக்காதேங்கோ. நான் எத்தனை பேருக்கு மருந்து குடுத்தனான். இப்ப படுத்தா அதுதான் நினைப்பு. அங்கையும் எங்கையும் இப்பிடிப் பிழை விட்டிருப்பனோ?”

அதைத் தாங்க முடியவில்லை. இன்றைய பிழைக்கு மட்டுமில்லை, முப்பத்துநாலு வருடத்துக்கும் சேர்த்து அவர் தன்னை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த யன்னலுக்கு வந்துபோன முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மாமா, அது பாஸ்தா இல்லை,” என்றேன்.

சொல்லிவிட்டேன். கொன்ஜாக், மிளகாய்த்தூள், வீடியோ, குப்பைக் கூடை, அம்புலன்ஸ்காரிக்குச் சொன்ன பொய், எல்லாம். அவர் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு, “அந்தப் பைக்கற் இருக்கோ?” என்று கேட்டார்.

கீரைகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

“மாச்சத்தே இல்லை,” என்றார். “அப்ப நான் சரியாத்தான் போட்டனான்.”

“ஓம் மாமா.”

“ரெண்டு தரம் போடேல்லை.”

“இல்லை மாமா.”

கதிரையில் இருந்தார். என்னை அடிப்பார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சந்தோஷம். கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினார். அந்தச் சனிக்கிழமையின் வரிக்குப் பக்கத்தில் “என் பிழை” என்று சிவப்புப் பேனாவால் எழுதியிருந்ததை அப்போதுதான் கண்டேன். அதை ஒரு கோடு போட்டு வெட்டினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அவ உங்களை மன்னிக்க மாட்டா. எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“சரி மாமா,” என்றேன்.

எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர் வசனத்தை முடிக்க முன்னரே சொல்லியிருப்பேன். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதிதான், பைக்கற்றை ஒளித்ததைவிடவும், பொய் சொன்னதைவிடவும், என்னை அதிகம் வெட்கப்படுத்துவது. அவர் தந்த அனுமதிக்குள் இன்னும் நாலு நாள் ஒளிந்திருந்தேன். அந்த நாலு நாளும் அவர் மேசையில் சட்டையைத் தூக்கினார். மனைவி பேனாவைத் திருகினாள். தன் மேல் பிழையில்லை என்று தெரிந்தும், எனக்காக, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி சோறு போட்டாள். பாஸ்தா அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. அவள் சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்து பேனாவைக் கொண்டுவந்தாள். மாமா சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். நுனிவிரலால் தடவித் தடவிக் கழற்றினார்.

“நில்லும்,” என்றேன் மனைவியிடம். “அண்டைக்கு மாமா ஒரு பிழையும் விடேல்லை. நான்தான்.”

மாமா தலையை ஆட்டி என்னைத் தடுக்கப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. முழுவதையும் சொன்னேன். உண்மை தெரிந்தும் அவர் எனக்காக நாலு நாள் பொறுத்ததையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. “மணிக்கூடு கீறினவர்,” என்று மட்டும் சொன்னாள். பிறகு குனிந்து, தகப்பனின் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிவிட்டாள். பேனாவையும் சாவியையும் அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். என்னோடு அவள் பழையபடி கதைக்கப் பல மாதம் எடுத்தது. அது எனக்குக் குறைந்த தண்டனை. டொக்டரிடமும் ஞாபகசக்திப் பரிசோதனை செய்த இடத்திலும் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். கனடாவுக்கும் நானே போன் எடுத்தேன்.

மாமா பேனாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஆறு வாரங்களுக்குப் பிறகு கேட்ட சத்தம்.

இப்போது அவர் கடைத்தெருவுக்குப் போய் வருகிறார். கொப்பி பழையபடி நடக்கிறது. ஜெலி இனிப்பு லாச்சியில், மேலேயே கிடக்கிறது. என்னை முன்னைவிட மரியாதையாகவே நடத்துகிறார். ஆனால் ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் எது வைத்தாலும் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். இப்போது நான் சமைத்த நாட்களில் மட்டும், “உள்ளுக்கு என்ன போட்டனீங்கள் தம்பி?” என்று கேட்பார். மெதுவாகத்தான் கேட்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

போன சனிக்கிழமை, அந்த நாளுக்குப் பிறகு முதல் தரமாக, பாஸ்தா சமைத்தேன். மனைவிதான் செய்யச் சொன்னாள். டின் மீன், தக்காளி, கறிவேப்பிலை. மாமா கிண்ணத்தால் அளந்து போட்டார். தட்டை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது.

“உண்மையான பாஸ்தாவோ தம்பி?”

“ஓம் மாமா.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தார். பிறகு எழுந்து, அறைக்குப் போகும் வழியில் குசினிக்குள் திரும்பினார். குப்பைக் கூடையின் மூடியைத் தூக்கி, மேலே கிடந்த வெங்காயத்தோலை விலக்கி, வெற்றுப் பாஸ்தாப் பைக்கற்றைக் கண்டுவிட்டுத்தான் ஊசி போடப் போனார்.